வெயிலுக்கு ஒரு முகம்

வெற்றிலை போடுவதை நான் விட்டுவிட்டேன். கருப்பட்டி மண்டியில் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறவன் வெற்றிலை போடாமல் இருப்பது, நாமம் போடாத பெருமாள் கோயில் யானையைப் போல, பார்க்கிறவர்களுக்கு ஏதோ உறுத்துகிறது. காரணம் கேட்கிறார்கள். பல்வலி என்று சொல்கிறேன். பல்லுக்கு ஒன்றுமில்லை. சுண்ணாம்பு டப்பியைத் திறந்த கையோடு மூடிவிடுகிறேன். என் மகளின் இடது கண் நினைவுக்கு வந்துவிடுகிறது.

யுத்தம் முடிந்து, காகிதம் கொஞ்சம் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்திருந்த சமயம் அது. என்னோடு பாளையங்கோட்டையில் இண்டர்மீடியட் படித்தவன் ஒருவன் தூத்துக்குடியில் அச்சாபீஸ் வைத்திருந்தான். நாங்கள் இருவரும் ரசாயனம் படித்தோம். நான் கருப்பட்டி விற்கப் போனேன், அவன் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கப் போனான். ரசாயனத்துக்கு எங்களால் எந்த நஷ்டமும் இல்லை. கல்யாணப் பத்திரிகையிலும் கருமாதிப் பத்திரிகையிலும் சம்பாதித்ததை அவன் ஒரு மாதப் பத்திரிகையில் போட்டு அழித்துக்கொண்டிருந்தான். கடைக்காரர்களுக்கான பத்திரிகை. தீபாவளிக்கு மட்டும் கலர் அட்டை. அந்த அட்டையில் வருஷா வருஷம் ஒரே லட்சுமி, ஒரே தாமரை, ஒரே அச்சுக் கட்டை. கட்டை தேய்ந்து தேய்ந்து லட்சுமியின் முகம் சப்பையாகிவிட்டது.

"மூக்கே போச்சுலே" என்றான் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து. "போன வருஷ அட்டையப் பாத்துட்டு ஒரு செட்டியாரு, 'சூர்ப்பனகைய ஏன் தாமரையில உக்கார வச்சிருக்கீரு'ன்னு கேக்காரு. இந்த வருஷம் புதுசா ஏதாவது போடணும்டே."

இது என் மகளின் காதில் விழுந்தது. எங்கள் வீட்டில் அழிவுகள் எல்லாம் இப்படித்தான் தொடங்கும்.

அவளுக்கு அப்போது பத்தொன்பது. கன்னிமாடத்துப் பள்ளிக்கூடத்தில் பள்ளியிறுதி முடித்தவள். அங்கே சித்திரம் சொல்லிக் கொடுத்தார்கள். அதை வைத்து அவள் செய்தது, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் படமாக வரைந்து என் மனைவியிடம் காட்டியதுதான். ஒருவருக்கு மீசையை மட்டும் வரைந்திருந்தாள். முகமே இல்லை. ஆளைப் பார்த்தவர்கள் அதில் குறை சொல்ல முடியாது.

"மாமா, கடல் இல்லாம ஒரு தூத்துக்குடி போடுவமா?" என்று அவள் அச்சாபீஸ்காரனைக் கேட்டாள்.

"கடல் இல்லாமலா? அப்போ அது கோயில்பட்டில்லா?"

"எல்லாப் பயலும் இந்த ஊர நீலமாத்தான் வரையுதான். கடல், கப்பல், பாய்மரம். இங்கன எவனாவது நீலமா இருக்கானா மாமா? வெயில்ல வெந்து, செம்பும் காவியும் கருப்பட்டியுமாத்தானே இருக்கோம். வெயில்தான் நம்ம ஊரு. ஒரு பொம்பள மூஞ்சி. அந்த மூஞ்சியே வெயில். மஞ்சள்ள ஆரம்பிச்சுக் கருப்பட்டியில முடியணும். நீலம்னு ஒரு பொட்டு இருக்கக் கூடாது."

அச்சாபீஸ்காரன் கண்ணை மூடி யோசித்தான். "நீல மை வாங்கவே வேண்டாமா?" என்றான். வேண்டாம் என்றாள். அந்த நொடியில் அவன் நவீனக் கலைஞனாகிவிட்டான்.

உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "ஏட்டி, யாரு மூஞ்சி?"

"எம் மூஞ்சிதாம்மா."

"மூஞ்சியில சாயத்தப் பூசிட்டுப் படத்துக்கு நிப்பியோ? நாடகக்காரின்னு சொல்லுவான் ஊருக்குள்ள."

"நாடகக்காரிய பாக்க ஊரே டிக்கெட் வாங்கிட்டுப் போகுது. என்னப் பாக்க வாரவன் பஜ்ஜி தின்னுட்டுப் போறான்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அப்பன் என்கிறவன் வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. எனக்கு ஊர் என்ன சொல்லும் என்கிற பயம் இல்லை. எனக்கு இருந்தது வேறு பயம். இண்டர்மீடியட் பயம்.

"செந்தூரம் பூசக் கூடாது. அதில பாதரசம் இருக்கு" என்றேன். "அரிதாரமும் கூடாது. அது பாஷாணம். நாடகக்காரங்க அதப் பூசிப் பூசித்தான் வயசான காலத்துல தோலு உரிஞ்சு திரியுதாங்க." இருபது வருஷத்துக்குப் பிறகு என் படிப்பு பயன்பட்டதில் எனக்குக் குரல் கொஞ்சம் கம்பீரமாகவே வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு சட்டமும் போட்டேன். வாய்க்குள் போகாத எதுவும் முகத்தில் ஏறக் கூடாது.

"காவி மண்ண யாரு திம்பா?" என்றாள் மனைவி, கிடைத்த பிடியை விடாமல்.

"என்னச் சொமக்கும்போது நீங்க மண்ணும் சாம்பலும் தின்னதா நீங்கதானம்மா சொன்னிய" என்றாள் மகள். காவியும் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

மண்டியிலிருந்து பழுப்புத் தாளை எடுத்துவந்து கூடத்தில் விரித்துக்கொண்டு அவள் திட்டம் போட ஆரம்பித்தாள். பலாப்பழ அளவுக்கு ஒரு முகம். நெற்றியில் பசுமஞ்சள். அது விடியல். இமைகளில் காவி, உடன்குடித் தேரிக்காட்டுச் செம்மண்ணின் நிறம். கன்னத்தில் முற்றத்தில் காயும் மிளகாய் வற்றல். உதட்டில் துறைமுகத்துக் கிராதியின் துரு. கழுத்துக்கு இறங்கியதும் கருப்பட்டிப் பாகு, நிறத்துக்காக அல்ல, அசல் பாகையே பூசுவதாக உத்தேசம். தாளில் அதைப் பார்த்தபோது, பொய் சொல்வானேன், எனக்கே நா வறண்டது. தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

படம் எடுக்க நாங்கள் போனது காயல்பட்டணத்துக்காரர் ஒருவரின் ஸ்டுடியோவுக்கு. காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவோம். தலைமுறை தலைமுறையாக முத்து வியாபாரம் செய்த குடும்பம். கடலில் முத்துக் குளிப்பு நடந்து பல வருஷமாகியிருந்தது. "சிப்பி வாயத் தொறக்கட்டும்னு பாத்துட்டு இருந்தா, எம் புள்ளைக வாய நான்லா மூடணும்" என்று சொல்லிவிட்டு, மாடியில் கண்ணாடிக் கூரை போட்டு ஸ்டுடியோ வைத்துவிட்டார்.

காக்கா பழுப்புத் தாளை நிதானமாகப் பார்த்தார். பிறகு எங்கள் மூவரையும் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு மவளே. ஆனா எங்கிட்ட இருக்க தகட்டுக்குச் செவப்பு கண்ணு தெரியாதே. செவப்பெல்லாம் கறுப்பா விழும். மஞ்சளும் மங்கிப் போகும். நீ வெயிலுன்னு பூசிட்டு வந்து உக்காந்தா, படத்துல அமாவாசைதான் இருக்கும்."

அச்சாபீஸ்காரனுக்கு முகம் விழுந்துவிட்டது. மகளுக்கு விழவில்லை. "எது எவ்வளவு கறுக்கும்னு தெரிஞ்சா போதும் மாமா. அதுக்குத் தக்கன பூசுதேன். முதல்ல எது மேலயாவது பூசி ஒரு படம் எடுத்துப் பாப்போம்" என்றாள். எதன் மேல் என்று மூவரும் யோசித்தார்கள். அகலமாக, வழவழப்பாக, மனிதத் தோலாக இருக்க வேண்டும். யோசித்துக்கொண்டே மூவரும் என் தலையைப் பார்த்தார்கள்.

என் தலையில் முடி நின்று பல காலம். அன்று முற்பகல் முழுவதும் நான் குனிந்த தலையோடு ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். மஞ்சள், சந்தனம், காவி, குங்குமம், கருப்பட்டி என்று என் வழுக்கையில் கட்டம் கட்டமாகப் பூசினாள். காக்கா கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுச் சிரித்தார். படப்பெட்டி குலுங்கியதால் ஒரு தகடு வீணானது. இரண்டாவது தகட்டில் விழுந்த படம் இப்போதும் அச்சாபீஸில் இருக்கிறது. சதுரங்கப் பலகையை யாரோ பனங்காய் மேல் வரைந்தது போல இருக்கும். யார் தலை என்று வெளியாருக்குத் தெரியாது என்பதுதான் ஒரே ஆறுதல். அச்சாபீஸ்காரன் வெளியார் எல்லோரிடமும் சொல்லிவிட்டான்.

ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அவள் முழுத் திட்டத்தையும் மாற்றினாள். குங்குமம் அடியோடு கறுத்திருந்தது, அதனால் கன்னத்துக்குச் சந்தனத்தில் ஒரு சிட்டிகை காவி மட்டும். மஞ்சளை மெல்லிசாகப் பூசினால் இளம் சாம்பல். சந்தனம் வெளிச்சம். நிறங்களை எல்லாம், படம் அச்சான பிறகு, அதன் மேல் அவளே தூரிகையால் ஏற்றுவாள்.

"நெறத்தப் பொறவு ஏத்துததுன்னா, எதுக்கு ஏட்டி மூஞ்சியில இழுவுத?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்வி. எங்கள் மூன்று பேருக்கும் தோன்றாத கேள்வி.

"நெறத்தத் தாளு மேல பூசலாம்மா. மினுக்கத்தப் பூச முடியாது. வெயில்னா மினுக்கம்தானே. தோலு மேல பாகும் வேர்வையும் மினுங்குதது தோலு மேல இருந்தாத்தான் தகட்டுல விழும்."

கழுத்துக்குப் பாகு இருந்தது. இமைக்கும் கன்ன எலும்புக்கும் என்ன என்பதுதான் பாக்கி. எண்ணெய் பூசிப் பார்த்தாள், வடிந்துவிட்டது. நெய் பூசினாள், வீட்டுப் பூனை அவளைவிட்டு நகரவில்லை. இதைக் கேட்டதும் காக்கா உள்ளே போய் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியோடு வந்தார். அடியில் வெள்ளையாக ஏதோ மாவு போல இருந்தது.

"முத்துப்பொடி" என்றார், குரலைத் தாழ்த்தி. "எங்க பெரியவாப்பா சாமான். தூசி முத்து இருக்குல்லா, மால கோக்க ஆகாது. அதச் சுட்டு வைத்தியரு பக்குவம் பண்ணிக் குடுத்தது. அவுக மவுத்தாகுத வரைக்கும் தெனமும் வெத்திலையில ஒரு துளி வச்சுப் போட்டாக. ராஜாவீட்டுச் சாமான் அண்ணாச்சி. புள்ளைக்காகத் தாரேன்."

நாங்கள் எல்லோரும் அந்தக் குப்பியைப் பார்த்த விதத்தை இன்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வேறு ஏதோவும் வருகிறது. முத்து! அது குளிர்ச்சி, அது பளபளப்பு, அது அம்மன் மூக்கில் இருப்பது. அச்சாபீஸ்காரன் செருப்பைக் கழற்றாத குறை. எங்கள் சட்டத்திலும் அது ஜம்மென்று தேறிவிட்டது. வெற்றிலையோடு வாய்க்குள் போவதுதானே. வெற்றிலைக்குள் வெள்ளையாகத் துளி வைத்துப் போடுவது உலகத்தில் எது என்று அங்கே இருந்த மூன்று வெற்றிலைக்காரர்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. திரேஸ்புரம் பக்கம் போனால் சிப்பி சுடுகிற சூளைப் புகை. சூளையில் வெந்து வருகிற வெள்ளையைக் குழந்தை தொட்டால் ஓடிப்போய்க் கையைக் கழுவிவிடுகிற ஊர் இது. முத்து என்றால் மட்டும் கும்பிடுவோம்.

நல்ல உச்சி வெயிலில் படம் எடுப்பதாக ஏற்பாடு. கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஸ்டுடியோ அப்பளம் பொரிக்கிற சட்டி மாதிரி இருந்தது. மகள் முக்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துத் தானே பூசிக்கொண்டாள். முகம் முழுவதும் மெல்லிய மஞ்சள். அதன் மேல் சந்தனமும் காவியும். கழுத்தில் பாகு. நான் பக்கத்தில் நின்று பனையோலை விசிறியால் எறும்பை விரட்டிக்கொண்டிருந்தேன். பாகு பூசிய கொஞ்ச நேரத்தில் அந்த மாடிக்கு எங்கிருந்துதான் வந்ததோ, சுவரோரமாகக் கட்டெறும்பு வரிசை கட்டிவிட்டது.

"ஏலே, ஒன் மண்டிக்காரப் பயலுவ எல்லாம் வந்துட்டானுவ" என்றான் அச்சாபீஸ்காரன்.

கடைசியாகக் குப்பியைத் திறந்து, விரல் நுனியால் பொடியைத் தொட்டு, இடது இமையிலும் கன்ன எலும்பிலும் ஒற்றினாள். வெளிச்சம் விழுகிற பக்கம் அதுதான். உண்மையாகவே அழகாக இருந்தது. மஞ்சள் தோலின் மேல் பனி படிந்தது மாதிரி. காக்கா கறுப்புத் துணிக்குள் போனார். முகத்தைக் கொஞ்சம் தூக்கு, தோளைத் தாழ்த்து, ஆடாதே, அசையாதே என்று அவர் துணிக்குள்ளிருந்து சொல்லச் சொல்ல அவளுக்கு வேர்த்து வழிந்தது. வேர்க்க வேண்டும் என்பதுதானே திட்டம்.

அப்போது அவள் இடது கன்னம் சிவக்க ஆரம்பித்தது.

மெதுவாக, விளிம்பிலிருந்து. மஞ்சள் ஆரஞ்சாகி, ஆரஞ்சு சிவப்பாகி, சிவப்பு கீழே வழிந்தது. அச்சாபீஸ்காரன் கையைத் தட்டினான். "ஏலே பாருடே, தானா செவக்கு! அந்திதாம்லே இது, அசல் அந்தி!" நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"எடுக்கப் போறேன். கண்ண மூடிறாத மவளே" என்றார் காக்கா. லென்ஸ் மூடியைக் கழற்றி எண்ண ஆரம்பித்தார். அந்த நேரத்தில் அவள் இமையிலிருந்து ஒரு சொட்டு வேர்வை உள்ளே இறங்கியது. நான் பார்த்தேன். அவள் தாடை இறுகியது. கண்ணிலிருந்து நீர் பொங்கியது. அவள் இமைக்கவில்லை. காக்கா எண்ணி முடித்து மூடியைப் போட்டதும்தான் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அலறினாள்.

"எரியுதுப்பா! கண்ணு எரியுதுப்பா!"

அதற்குப் பிறகு எது முதலில், எது பின்னால் என்பது எனக்குக் குழப்பம்தான். காக்கா துணியிலிருந்து வெளியே வந்த வேகத்தில் படப்பெட்டி ஒரு பக்கம் விழுந்தது. தகடு கழுவுவதற்கு ஸ்டுடியோவில் பெரிய தொட்டி ஒன்று உண்டு. அவளை அங்கே இழுத்துக்கொண்டு போய், தலையைச் சாய்த்துப் பிடித்து, குவளை குவளையாக மொண்டு கண்ணில் விட்டார். தொட்டித் தண்ணீர் சிவந்தது.

"ரத்தம்லே!" என்று அச்சாபீஸ்காரன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

ரத்தம் இல்லை. கல்யாண வீட்டில் அந்தத் தண்ணீரை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். மஞ்சளைக் கரைத்து அதில் ஒரு துளி சுண்ணாம்பைப் போட்டால் ஆரத்தி. என் மகள் முகத்தில் ஆரத்தி கரைத்திருந்தோம்.

"சுண்ணாம்பு!" என்று கத்தினேன். "காக்கா, அது சுண்ணாம்பு!"

"முத்து அண்ணாச்சி, சத்தியமா முத்து" என்றார் அவர், தண்ணீர் விடுவதை நிறுத்தாமல், அழுதுகொண்டே. அவர் சொன்னதும் பொய் இல்லை. சிப்பி பெற்ற பிள்ளைதானே முத்து. தாயைச் சுட்டால் சுண்ணாம்பு, பிள்ளையைச் சுட்டால் மட்டும் சந்தனமா வரும்?

ஜட்கா வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் காக்கா ஒரு கூஜாவிலிருந்து கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே வந்தார். எறும்புகளும் கூடவே வந்தன. கண் பார்க்கிற டாக்டரம்மா கண்டிப்பான மனுஷி, வடக்கே எங்கிருந்தோ வந்தவர். என்ன பட்டது என்று கேட்டார். முத்து என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். சுண்ணாம்பு என்று திருத்திச் சொன்னேன். எதற்காகப் பூசினீர்கள் என்றார். வெயிலுக்கு என்றான் அச்சாபீஸ்காரன். எங்கள் இருவரையும் வெளியே போகச் சொல்லிவிட்டார்.

பிறகு வந்து சொன்னார். உடனே தண்ணீர் விட்டது நல்லது. ஆனாலும் கருவிழி மேல் வெண்மை படர்ந்திருக்கிறது. மருந்து போட்டுக் கட்டியிருக்கிறேன். கட்டை அவிழ்க்கும்போதுதான் பார்வை எவ்வளவு இருக்கிறது, இருக்கிறதா என்று தெரியும். "இருக்கிறதா" என்பதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். பெஞ்சு இல்லாத இடத்தில் உட்கார்ந்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

என் மனைவி என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். மகளைப் படுக்க வைத்து, கழுத்தில் ஒட்டியிருந்த பாகை வெந்நீரில் துடைத்து எடுத்தாள். துணியில் ஒட்டிய எறும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டாள்.

விஷயம் ஊரில் பரவ அதிக நேரம் ஆகவில்லை. பார்க்க வந்தவர்கள் வாழைப்பழத்தோடு அபிப்பிராயத்தையும் கொண்டுவந்தார்கள். உடன்குடியிலிருந்து வந்த என் மதினி ஒருத்தி, கட்டோடு படுத்திருந்தவளைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுச் சொன்னாள், "பொம்பளப் புள்ள மூஞ்சியில சாயத்தப் பூசுனா சாமி சும்மா விடுமா?"

என் மனைவி எழுந்தாள். மகள் மூஞ்சியில் பூச வேண்டாம் என்று முதலில் சொன்னவள் அவள்தான். எனக்குத் தரவேண்டிய ஏச்சு முழுவதும் அவளிடம் அப்படியே பத்திரமாக இருந்தது.

"சாமிக்கு மூஞ்சி தெரியாம சந்தனக்காப்பு சாத்துதாவளே, அதுக்கு எந்தச் சாமிக்குக் கண்ணு போச்சு? போடி பேசாம. பழத்த வச்சுட்டுக் காப்பியக் குடிச்சுட்டுப் போ."

மதினி காப்பியைக் குடிக்கவில்லை. பழத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அச்சாபீஸ்காரன் வந்தபோது கக்கத்தில் ஒரு படம் இருந்தது. அந்தத் தகட்டைக் காக்கா கழுவாமல் ஒளித்து வைத்திருந்ததாகவும், இவன் போய்க் கேட்டு வாங்கி அச்செடுத்ததாகவும் சொன்னான். சிவப்புக்குக் கண் இல்லாத தகடு அல்லவா. முகத்தின் இடது பக்கம் முழுவதும் கரேலென்று விழுங்கப்பட்டிருந்தது. அந்தக் கறுப்புக்குள் ஒரு கண் மட்டும், நீர் தளும்பி, திறந்தபடி.

"கோவப்படாத. ஆனா இதுவும் ஒரு மாதிரி நல்லா இருக்குடே" என்றான். "கிரகணம்னு தலைப்புப் போட்டா..."

மூலையில் குடை இருந்தது. அவன் வாசலுக்கு ஓடினான், நான் குடையோடு ஓடினேன்.

திரும்பி வந்தபோது மகள் எழுந்து உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணால் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கழுத்து நல்லா விழுந்திருக்குப்பா. பாகு மினுங்குது பாருங்க. இந்தா, இது எறும்பு" என்றாள். பழுப்புத் தாளைக் கேட்டாள். மஞ்சள் கூடாது, வெறும் சந்தனம் போதும், மினுக்கத்துக்குக் கருப்பட்டியையே இன்னும் நீர்க்கக் காய்ச்சி முகத்துக்கும் ஏற்றலாம் என்று பேசிக்கொண்டே தூரிகையை எடுத்து, தண்ணீர்க் கிண்ணத்தில் நனைக்கப் போனாள். தூரிகை கிண்ணத்துக்கு ஒரு விரற்கடை வெளியே தரையைத் தொட்டது. மறுபடி முயன்றாள். மறுபடியும் வெளியே. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. அவள் சிரித்துக்கொண்டு, இடது கையால் கிண்ணத்தைத் தடவிப் பிடித்து, அதன் விளிம்பு வழியாகத் தூரிகையை உள்ளே விட்டாள்.

நான் மண்டிக்குப் போய்விட்டேன். கருப்பட்டிச் சிப்பங்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தேன். யாரோ வந்து விலை கேட்டார்கள். என்ன சொன்னேன் என்று தெரியவில்லை, சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

கட்டு அவிழ்க்கிற அன்று அவளும் நானும் மட்டும் போனோம். மனைவி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வாசல் வரை வந்து, வண்டிக்காரனிடம் பள்ளம் பார்த்து ஓட்டச் சொன்னாள், அவ்வளவுதான். டாக்டரம்மா ஜன்னலைப் பாதி சாத்தி, துணியைச் சுற்றுச் சுற்றாக எடுத்தார். பஞ்சை எடுத்தார். இமை வீங்கி, ஒட்டிக்கொண்டு இருந்தது. வெந்நீரால் துடைத்து, மெல்லத் திற என்றார். வலது கண்ணைக் கையால் மூடினார்.

பக்கத்து மேஜையில் கிடந்த ஒரு ரப்பர் துணியைத் தூக்கிப் பிடித்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் விரிப்பார்களே, அது. "இது என்ன நிறம்?"

மகள் பார்த்தாள்.

"தெரிகிறதா?"

அவள் புருவத்தைச் சுருக்கினாள். தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். நான் எங்கள் குலசாமி முதல் அடுத்த தெரு மாதா வரை, பள்ளிவாசலையும் விடாமல், எல்லோருக்கும் ஏதேதோ நேர்ந்துகொண்டேன். எதை யாருக்கு நேர்ந்தேன் என்பது மறந்துபோனதால் அந்தக் கடனெல்லாம் அப்படியே நிற்கிறது.

"அம்மா, நிறம் தெரிகிறதா இல்லையா?" என்றார் டாக்டரம்மா, இம்முறை கொஞ்சம் மெதுவாக.

"தெரியுது" என்றாள் மகள். "என்னன்னு சொல்லுததுன்னு பாக்கேன். செங்கல்லும் இல்ல. துருவும் இல்ல. தேரிக்காட்டுல மழை பெஞ்சு, மறுநா வெயில்ல காஞ்ச மண்ணு இருக்கும் பாருங்க, அதுல கொஞ்சம் பழைய குங்குமத்தச் சேத்தா..."

"சிவப்பு என்று சொன்னால் போதும்."

"செவப்பு இல்லையே டாக்டரம்மா."

"இது சிவப்புதான்."

"இல்ல. அன்னா, அந்தக் குப்பி மூடி இருக்குல்லா, அதுதான் செவப்பு. இது வேற."

டாக்டரம்மா ரப்பர் துணியைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஓரத்தில் கொஞ்சம் மங்கல் இருக்கும். மருந்து விட்டால் குறையும். கண் இருக்கிறது" என்றார். "வாயும் இருக்கிறது."

நான் என்ன செய்தேன் என்பதை மகள் ஊரெல்லாம் நடித்துக் காட்டுகிறாள். நான் எழுத வேண்டியதில்லை.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவள் இடது கண்ணுக்குப் பச்சைத் துணியில் ஒரு மறைப்புக் கட்டியிருந்தார்கள். அந்தப் பச்சை தன் திட்டத்தில் இல்லாத நிறம் என்று முனகிக்கொண்டே வண்டியில் ஏறினாள். நானும் ஏறி உட்கார்ந்தேன்.

"எங்கன அண்ணாச்சி, வீட்டுக்கா?" என்றான் வண்டிக்காரன்.

"வீட்டுக்கு" என்றேன்.

"அச்சாபீஸுக்கு" என்றாள் அவள், அதே மூச்சில். "அப்பா, மாமா அந்த மூக்கில்லாத லட்சுமிய மறுபடி ஏத்திருவாரு. இன்னைக்கே போய்ச் சொல்லணும். சந்தனமும் கருப்பட்டியும்தான். வேற ஒண்ணும் தொடமாட்டேன்."

"கருப்பட்டிக்கு எறும்பு வரும்" என்றேன். அந்த நேரத்தில் எனக்குக் கிடைத்த ஆட்சேபணை அது ஒன்றுதான்.

"எறும்பு கடிச்சா கண்ணு போகாதுல்லா."

எங்கள் வழக்கு முடிகிற வரை குதிரை அவசரப்படவில்லை. நின்ற இடத்திலேயே லத்தி போட்டுவிட்டு, வாலைச் சுழற்றி ஈயை விரட்டியது. வண்டிக்காரன் பீடியைக் காதில் செருகிக்கொண்டு என்னையே பார்த்தான். அவள் பார்க்கவில்லை. வெயில்பட்ட எதிர்ச் சுவரை இரண்டு கண்ணாலும் மாற்றி மாற்றி, மறைப்பைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அச்சாபீஸ் வழியா வீட்டுக்குப் போலே" என்றேன்.

"வழியாவா? அச்சாபீஸ் அந்தாப் பக்கம்லா இருக்கு அண்ணாச்சி. வீடு இந்தாப் பக்கம்."

"எனக்குத் தெரியும்லே. போ."